ரிவார்டு பாயின்ட்டின் உண்மையான மதிப்பைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஒரே ரிவார்டு கிரெடிட் கார்டைப் பயன்படுத்தி வருகிறேன். மாதம் ஏறத்தாழ 40,000 அளவுக்கு வீட்டுச் செலவுகள் அனைத்தும் அதில்தான் போகின்றன. செலவழிக்கும் ஒவ்வொரு 100-க்கும் 2 பாயின்ட் வீதம் இதுவரை 19,000 பாயின்ட்டுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. ஒருமுறைகூட அவற்றை எடுத்துப் பயன்படுத்தியதில்லை. அவற்றில் ஒரு பகுதி விரைவில் காலாவதியாகும் என்று இப்போது செய்தி வந்திருக்கிறது. ஆண்டுக்கு 5,000 கட்டணம் கொண்ட உயர்நிலைக் கார்டுக்கு மாறினால் பாயின்ட் இரட்டிப்பாகும் என்றும் வங்கியிலிருந்து அழைத்துச் சொல்கிறார்கள். பணமுடை ஏற்பட்ட இரண்டு மாதங்களில் மட்டும் பில்லின் முழுத் தொகையையும் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினேன். மற்றபடி ஒழுங்காகவே கட்டி வருகிறேன். இந்தக் கார்டிலிருந்து முழுப் பயனைப் பெற நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, பாயின்ட்டுகளைப் பற்றியே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் அந்த இரண்டு மாதங்களிலிருந்தே நான் தொடங்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு ஆண்டுகளில் உங்களுக்குக் கிடைத்ததும் உங்கள் கையை விட்டுப் போனதும் எவ்வளவு என்பது அங்கேதான் தீர்மானமாகியிருக்கிறது.

குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் விழாது என்பது உண்மை. ஆனால் வட்டி நின்றுவிடுவதில்லை. முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டுபவருக்கு மட்டுமே வட்டியில்லாக் காலம் என்ற சலுகை உண்டு. அதில் ஒரு சிறு பகுதியைப் பாக்கி வைத்தாலும் பல வங்கிகளின் விதிப்படி அந்தச் சலுகை முழுவதுமாக விலக்கப்பட்டு, ஒவ்வொரு பொருளையும் நீங்கள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படுகிறது. அதற்கு அடுத்த மாதம் நீங்கள் புதிதாக வாங்குபவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. பாக்கி வைத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மிகப் பலர். இந்தத் துறையில் நான் அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும் எண்ணம் இதுதான்.

உங்கள் எண்களையே வைத்துப் பார்க்கலாம். ஆண்டு வட்டி 36 சதவீதம் என்றும், பில் போட்ட நாளிலிருந்து கெடு தேதி வரை 20 நாட்கள் என்றும் கொள்வோம். ஒரு மாதம் முழுவதும் பரவலாகச் செலவழித்த 40,000-க்கு, வாங்கிய நாளிலிருந்து கெடு தேதி வரை சராசரியாக 35 நாட்கள் ஆகின்றன. அதற்கான வட்டி சுமார் 1,380. நீங்கள் 5 சதவீதமான 2,000-ஐ மட்டும் கட்டியிருந்தால், மீதி 38,000 அடுத்த கெடு தேதி வரை இன்னும் 30 நாட்கள் நிற்கிறது. அதற்கு ஏறத்தாழ 1,120. இடைப்பட்ட மாதத்தில் புதிதாக வாங்கிய 40,000-க்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காததால் அதற்கு இன்னொரு 1,380. ஆக, ஒரே ஒரு முறை குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, அடுத்த முறை எல்லாவற்றையும் நேர் செய்தவருக்கே மொத்தச் சுமை 3,900-ஐ நெருங்குகிறது. இந்த இரண்டு மாதங்களும் அடுத்தடுத்து வராதவை என்று வைத்துக்கொண்டால், இரண்டு முறைக்கும் சேர்த்து 7,700-க்கு மேல் போயிருக்கும். உங்கள் பாயின்ட்டுகள் அனைத்தையும் நல்ல விலைக்கு, அதாவது பாயின்ட்டுக்கு 0.40 வீதம் மாற்றினாலும் கிடைப்பது ஏறத்தாழ 7,680 மட்டுமே. இரண்டு ஆண்டுகளில் சேர்த்தது முழுவதும் இரண்டே மாதங்களில் கரைந்துவிட்டது. உங்கள் கார்டின் வட்டி விகிதம் இதைவிடக் குறைவாக, 24 சதவீதமாக இருந்தாலும் சேர்த்ததில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும்.

இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. முழுப் பயன் பெறுவது எப்படி என்று கேட்கும் ஒருவருக்கு, பாயின்ட்டை இரட்டிப்பாக்குவதைவிட இந்த ஓட்டையை அடைப்பதே பெரிய லாபம் என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியாகாது. சேமிப்புக் கணக்கிலிருந்து முழு பில் தொகையும் தானாகவே கட்டப்படும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் படிவத்தில் முழுத் தொகை, குறைந்தபட்சத் தொகை என இரண்டு தேர்வுகள் இருக்கும். முழுத் தொகை என்பதே தேர்வாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இனி எப்போதாவது பணமுடை வந்து முழுத் தொகையைக் கட்ட இயலாது என்று தெரிந்தால், அந்தப் பாக்கி தீரும் வரை புதிய செலவு எதையும் இந்தக் கார்டில் போடாதீர்கள். ரொக்கமாகவோ டெபிட் கார்டிலோ செலவழியுங்கள். கையில் பணம் வரும்போது கெடு தேதிக்குக் காத்திராமல் அன்றே கட்டுங்கள், ஏனெனில் வட்டி நாள் கணக்கில் ஏறுகிறது. கிரெடிட் கார்டைப் பயன்படுத்தி ஏடிஎம்மில் பணம் எடுப்பதை எந்த நிலையிலும் தவிர்த்துவிடுங்கள். அதற்கு வட்டியில்லாக் காலமே கிடையாது, தனிக் கட்டணமும் உண்டு, பாயின்ட்டும் பொதுவாகக் கிடைக்காது.

இனிப் பாயின்ட்டுக்கு வருவோம். பாயின்ட் என்பது பணமன்று. வங்கி தானே அச்சிட்டு, தானே மதிப்பு நிர்ணயிக்கும் ஒரு சீட்டு. ஆகவே எத்தனை பாயின்ட் வைத்திருக்கிறோம் என்ற எண்ணால் எந்தப் பயனும் இல்லை. 100 செலவழித்தால் கடைசியில் கையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற ஒரே சதவீதத்தைக் கண்டுபிடித்துக்கொண்டால், இரண்டு கார்டுகளை ஒப்பிடுவதும், எந்த வழியில் மாற்றுவது என்று முடிவெடுப்பதும் எளிதாகிவிடும்.

அதைக் கண்டுபிடிக்கும் முறை இது. முதலில் வங்கியின் பரிசுப் பட்டியலில் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பயணப் பெட்டிக்கு 12,000 பாயின்ட் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே பெட்டியை வெளியே நீங்களே தேடி வாங்கினால் 2,400-க்குக் கிடைக்கும் என்றால், ஒரு பாயின்ட்டின் மதிப்பு 0.20. நூறுக்கு 2 பாயின்ட் பெறும் உங்களுக்கு இது வெறும் 0.4 சதவீதப் பலன். பட்டியலில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விலையை வைத்துக் கணக்கிட்டுவிடாதீர்கள். வெளியில் தள்ளுபடியில் கிடைக்கும் விலையே சரியான அளவுகோல். அடுத்து, பில்லிலேயே கழித்துக்கொள்ளும் வசதியில் பாயின்ட்டுக்கு 0.25 கொடுக்கிறார்கள் என்றால் பலன் 0.5 சதவீதம். நீங்கள் வழக்கமாகப் பொருள் வாங்கும் கடையின் பரிசுச் சீட்டாக, அதாவது அங்கே பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய கிஃப்ட் வவுச்சராக மாற்றினால் 0.40 கிடைக்கிறது என்றால் 0.8 சதவீதம். ஒரே பாயின்ட்தான், எந்த வாசல் வழியாக வெளியே எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மதிப்பு இரு மடங்காகிறது. பொதுவாக, பொருட்களாக மாற்றிக்கொள்வதே மிகக் குறைந்த மதிப்பைத் தருகிறது. ஆனால் படங்களோடு கண்ணில் படும்படி முதலில் வைக்கப்பட்டிருப்பதும் அதுதான்.

விமான மைல்களாக, அதாவது விமான நிறுவனங்கள் பயணச்சீட்டுக்கு ஏற்றுக்கொள்ளும் அவற்றின் சொந்தப் பாயின்ட்டுகளாக மாற்றுவதைப் பற்றிப் பலரும் பெரிதாகப் பேசுவதால் அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். ஒரு பாயின்ட்டுக்கு ஒரு மைல் கிடைக்கிறது, 10,000 மைல்களுக்கு ஒரு பயணச்சீட்டு கிடைக்கிறது, அதே சீட்டைப் பணம் கொடுத்து வாங்கினால் 9,500 ஆகிறது என்று கொள்வோம். மைல்களில் வாங்கினாலும் வரிகளையும் இதர கட்டணங்களையும் கையிலிருந்து கட்ட வேண்டும். அது 1,500 என்றால், உண்மையில் உங்களுக்கு மிச்சமாவது 8,000. பாயின்ட்டுக்கு 0.80, அதாவது 1.6 சதவீதம். மேலே சொன்ன எல்லா வழிகளையும்விட இது உயர்வாகத் தோன்றும். ஆனால் அந்தப் பயணத்துக்கு 9,500 கொடுத்து நீங்கள் போயிருப்பீர்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 6,000-க்கு மேல் என்றால் போயிருக்க மாட்டேன் என்பது உங்கள் பதிலாக இருந்தால், உங்களைப் பொறுத்தவரை மிச்சம் 4,500 மட்டுமே, பாயின்ட்டுக்கு 0.45. பரிசுச் சீட்டைவிட அது பெரிதாக ஒன்றும் உயர்ந்ததன்று. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது எப்படியும் விமானப் பயணம் செய்பவர்களுக்கும், பயணத் தேதியை முன்பின் மாற்றிக்கொள்ளக் கூடியவர்களுக்குமே இந்த வழி பொருந்தும். மைல்களில் கிடைக்கும் இருக்கைகள் எண்ணிக்கையில் குறைவு. விரும்பிய நாளில் கிடைப்பது அரிது. மேலும், வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்கு மாற்றிய பாயின்ட்டை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது. எனவே இருக்கை இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகு மாற்றுவதே முறை. எதற்காவது உதவும் என்று முன்கூட்டியே மாற்றி வைப்பது கூடாது.

சேர்த்து வைப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாயின்ட்டுக்கு வட்டி கிடையாது. அதன் மதிப்பைக் குறைக்கும் உரிமை வங்கிக்கும் விமான நிறுவனத்துக்கும் எப்போதும் உண்டு. நேற்று 10,000 மைல்களுக்குக் கிடைத்த சீட்டு நாளை 14,000 ஆகலாம். இரண்டு ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருந்ததால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. இழப்புக்கான வாய்ப்புதான் இருந்தது. குறிப்பிட்ட ஒரு பயணத்துக்காகச் சேர்க்கிறீர்கள் என்றாலன்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பயன்படுத்திவிடுங்கள். இப்போது காலாவதியாக இருப்பவற்றைப் பொறுத்தவரை, பெரும்பாலான திட்டங்களில் பழைய பாயின்ட்டுகளே முதலில் கழிக்கப்படுகின்றன என்பதால், தேவையான அளவுக்கு மட்டும் பரிசுச் சீட்டாக மாற்றினால் போதும். நீங்கள் ஏற்கெனவே மாதந்தோறும் செலவழிக்கும் கடையின் சீட்டாக அது இருக்கட்டும். புதிதாக ஒரு செலவை உண்டாக்கும் சீட்டு வேண்டாம். அந்தச் சீட்டுக்கும் காலாவதி தேதி உண்டு என்பதையும், சில வங்கிகள் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒரு கட்டணம் பிடிக்கின்றன என்பதையும் கவனியுங்கள். கட்டணம் உண்டென்றால் சிறிது சிறிதாக மாற்றாமல் ஒரே முறையில் மாற்றுங்கள்.

பாயின்ட் சேரும் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாமல் ஏற்படும் கசிவுகள் சில உண்டு. ஒவ்வொரு 100-க்கும் 2 பாயின்ட் என்றால் 190-க்கு வாங்கும்போது 2 மட்டுமே கிடைக்கும். மீதி 90 கணக்கில் வராது. சிறு சிறு தொகைகளாக அடிக்கடி தேய்ப்பவர்களுக்கு இதனால் ஆண்டு முழுவதும் கணிசமான பாயின்ட் விட்டுப் போகிறது. ஒரே கடையில் வாங்குபவற்றைச் சேர்த்து வாங்கினால் இது குறையும். குறிப்பிட்ட வகைக் கடைகளில் மும்மடங்கு, ஐந்து மடங்கு என்று அறிவிக்கப்படும் பாயின்ட்டுகளுக்கு மாத உச்சவரம்பு இருக்கும். அந்த வரம்பு நிறைந்த பிறகு அதே கடையில் வேறு கார்டைப் பயன்படுத்துவதே மேல்.

எந்தக் கடை எந்த வகை என்பதைக் கடையின் பெயர்ப்பலகை தீர்மானிப்பதில்லை. கார்டு ஏற்கும் ஒவ்வொரு வணிகருக்கும் ஐஎஸ்ஓ 18245 என்ற சர்வதேசத் தரத்தின்படி நான்கு இலக்கக் குறியீடு ஒன்று தரப்படுகிறது. மளிகைக் கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் 5411, உணவகத்துக்கு 5812, பல்பொருள் அங்காடிக்கு 5311 என்பது போல. ஒரு பெரிய அங்காடியின் உள்ளே இருக்கும் மளிகைப் பிரிவில் நீங்கள் அரிசியும் பருப்பும் வாங்கினாலும், அந்த அங்காடி 5311 என்று பதிவாகியிருந்தால் மளிகைக்கான கூடுதல் பாயின்ட் வராது. பணப்பரிமாற்றச் செயலி வழியாகக் கட்டும்போதும் குறியீடு மாறிவிடக்கூடும். அதனால் புதிய கடை ஒன்றில் பெரிய தொகைக்கு வாங்கும் முன், சிறிய தொகைக்கு ஒருமுறை வாங்கிப் பார்த்து, எத்தனை பாயின்ட் ஏறுகிறது என்று ஸ்டேட்மென்ட்டில் சரிபார்ப்பது நல்ல பழக்கம். எரிபொருள், வாடகை, வரி, மின்னணு பணப்பை நிரப்புதல், தவணையாக மாற்றிய கொள்முதல் ஆகியவற்றுக்குப் பாயின்ட் இல்லை அல்லது குறைவு என்று பல கார்டுகளின் விதிகளில் இருக்கும். உங்கள் கார்டின் விலக்குப் பட்டியலை ஒருமுறை முழுவதுமாகப் படித்துவிடுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் செலவழிக்கும்போது 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கும் கார்டுகள் பல உண்டு, 0.8 சதவீதப் பாயின்ட்டுக்காக அதைத் தேய்ப்பதில் பொருளில்லை.

இந்தப் பலன் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளலாம். கார்டில் விற்கும் ஒவ்வொரு முறையும் வணிகர் ஒரு கட்டணம் கொடுக்கிறார். அதில் ஒரு பகுதி கார்டு வழங்கிய வங்கிக்குப் போகிறது. அதிலிருந்தும், பாக்கி வைப்பவர்கள் கட்டும் வட்டியிலிருந்தும், ஆண்டுக் கட்டணங்களிலிருந்துமே பாயின்ட் வழங்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் கொண்டுவந்த விதி, நுகர்வோர் கிரெடிட் கார்டுகளில் வங்கிக்குப் போகும் அந்தப் பங்கை விற்பனைத் தொகையில் 0.3 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியது. அங்கே தாராளமான ரிவார்டு கார்டுகள் அரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வருமானத்தைவிட அதிகமாக எந்த வங்கியும் எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்க முடியாது. 5 சதவீதம், 10 சதவீதம் என்று அறிவிப்பு வரும்போது அதற்கு உச்சவரம்போ நிபந்தனையோ கட்டாயம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் படியுங்கள். பாக்கி வைப்பவர்களின் வட்டியே முழுத் தொகை கட்டுபவர்களின் பாயின்ட்டுக்கு ஒரு பகுதியாக உதவுகிறது என்பதும் உண்மை. அந்த இரண்டு மாதங்களில் நீங்கள் எந்தப் பக்கத்தில் இருந்தீர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், தானாகக் கட்டும் ஏற்பாட்டை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது புரியும்.

செலவின் அளவு கூடுவதைப் பற்றியும் நான் கவலைப்படுகிறேன். அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகிய இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டிக்கான சீட்டுகளை மாணவர்களிடையே ஏலத்துக்கு விட்டுப் பார்த்தார்கள். கிரெடிட் கார்டில் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு தொகைக்கு ஏலம் கேட்டார்கள். எல்லாச் செலவும் அப்படி இரட்டிப்பாகிவிடாது. ஆனால் 40,000 செலவழிக்கும் நீங்கள் கார்டு கையில் இருப்பதனால் மட்டும் 400 கூடுதலாகச் செலவழித்தால் அதுவே 1 சதவீதம்; உங்களுடைய 0.8 சதவீதப் பலன் அதில் அடிபட்டுப் போகும். எந்தப் பாயின்ட் திட்டத்தையும் ஆராய்வதற்கு முன், கார்டு வாங்குவதற்கு முந்தைய மாதச் செலவையும் இப்போதைய மாதச் செலவையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒப்பீட்டை நீங்கள் மட்டுமே செய்ய முடியும்.

உயர்நிலைக் கார்டைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நூறுக்கு 4 பாயின்ட் கிடைத்து, ஒவ்வொன்றையும் 0.40-க்கு மாற்றினால் பலன் 1.6 சதவீதம். இப்போதைய கார்டைவிட 0.8 சதவீதம் கூடுதல். ஆண்டுக்கு 4,80,000 செலவழிக்கும் உங்களுக்கு அது 3,840. கட்டணமோ 5,000, அதன்மேல் வரி வேறு. கட்டணம் மட்டுமே திரும்பி வருவதற்கு நீங்கள் ஆண்டுக்கு 6,25,000 செலவழிக்க வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்று சொல்வார்கள். அந்த இலக்கு 6,00,000 என்றால், 5,000-ஐத் தவிர்ப்பதற்காகக் கூடுதலாக 1,20,000 செலவழிக்கும் நிலைக்கு அது உங்களைத் தள்ளும். முதல் ஆண்டில் கிடைக்கும் வரவேற்பு பாயின்ட்டுகளால் கணக்கு உங்களுக்குச் சாதகமாகத் தோன்றலாம். இரண்டாம் ஆண்டைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தே முடிவெடுங்கள். விமான நிலைய ஓய்வறை போன்ற வசதிகளுக்கு, அவை இல்லாவிட்டால் நீங்களே பணம் கொடுத்து எத்தனை முறை உள்ளே போயிருப்பீர்களோ அந்த அளவுக்கு மட்டுமே மதிப்புப் போடுங்கள். அடிக்கடி பயணம் செய்பவராக இருந்து, மைல்களாக மாற்றும் வழி உங்களுக்குக் கைகொடுக்கிறது என்றால் கணக்கு மாறக்கூடும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை. ஆகவே இப்போதைக்கு மாற வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

அதற்குப் பதிலாக, கட்டணமில்லாமல் எல்லாச் செலவுக்கும் ஒரே சீராக 1 சதவீதமோ அதற்கு மேலோ ரொக்கமாகத் திருப்பித் தரும் கேஷ்பேக் கார்டு கிடைக்குமா என்று விசாரியுங்கள். 0.8 சதவீதத்துக்காக இத்தனை வாசல்களையும் காலாவதித் தேதிகளையும் கவனித்துக்கொண்டிருப்பதைவிட, தானாகவே பில்லில் கழிந்துவிடும் 1 சதவீதம் உங்கள் வழக்கத்துக்குப் பொருத்தமானது. அப்படி ஒன்று கிடைத்து, பழைய கார்டை ஒப்படைக்க நினைத்தால், மீதமுள்ள பாயின்ட்டுகளை முழுவதும் மாற்றி, சீட்டு கைக்கு வந்து சேர்ந்த பிறகே விண்ணப்பம் கொடுங்கள். கணக்கை மூடிய பிறகு மீதிப் பாயின்ட்டைப் பல வங்கிகள் ரத்து செய்துவிடுகின்றன. பழைய கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லையென்றால் அதை மூடாமலே வைத்திருக்கலாம். மொத்தக் கடன் வரம்பில் நீங்கள் பயன்படுத்தும் பங்கு குறைவாக இருப்பது கடன் மதிப்பெண்ணுக்கு நல்லது என்பதால், எப்போதாவது ஒரு சிறு தொகைக்கு அதைப் பயன்படுத்தி, அந்த பில்லுக்கும் முழுத் தொகையைத் தானாகக் கட்டும் ஏற்பாட்டைத் தொடருங்கள்.